கடிவாளம் யார் கையில்?

1938-இல் தோன்றிய கொல்கத்தா ராமகிருஷ்ண மிஷன் பண்பாட்டு நிலையம் பொதுச் சொற்பொழிவுகளுக்குப் பெயர் பெற்றது. 1962-இல் அதன் செயலாளரான சுவாமி ரங்கநாதானந்தர், அங்கே ஈச, கேன, கட உபநிடதங்களை நகரத்து மக்களுக்கு விளக்கியருளினார்.

மனம், பொருள், ஆட்சி ஆகிய மூன்றும் கட உபநிடதத்தில் ஒருங்கே எழுகின்றன. எமதர்மன் செல்வமும் அரசும் தர முன்வருகிறான். நசிகேதன் அவற்றை மறுத்து மெய்யறிவையே வேண்டுகிறான். அதன்பிறகே தேர் உவமை வருகிறது: உடல் தேர், புத்தி சாரதி, மனம் கடிவாளம், புலன்கள் குதிரைகள்.

பொருளீட்டுவோரும் நாடாள்வோரும் துறவிகளாக வேண்டியதில்லை. ஆனால் மனமாகிய கடிவாளத்தைப் புத்தி இறுகப் பற்றாவிடில், செல்வம் பேராசையாகும், அதிகாரம் கொடுமையாகும்.

கேட்டல் முதற்படியே. சிந்தித்தலும் தெளிதலும் தொடர வேண்டும். அரங்கில் கேட்ட அன்பர் மறுநாள் அலுவலகத்தில் ஓர் ஏழையின் மனுவை எவ்வாறு நோக்குகிறாரோ, அதுவே சொற்பொழிவின் பயன்.