ஆள்வோர் சொல்லும் அதன் பொறுப்பும்

மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றானும் செய்வன யாவும் வினையேயாம் என்பது சைவ நன்மக்கள் அறிந்ததொன்று. ஆயினும், வாக்கினாற் செய்வதைச் சிறிதென்று கருதும் வழக்கம் உலகிற் பெரிது. நோய் பரவிய காலத்து ஆள்வோர் ஆராயாது கூறிய சொல்லால் உயிர்கள் மடியுமாயின், அதற்கு அவரைப் பொறுப்பாளராக்குதல் முறையாமோ என்பது ஈண்டு ஆராயற்பாலது.

1999 முதல் 2008 வரை தென்னாப்பிரிக்காவின் குடியரசுத் தலைவராயிருந்த தாபோ உம்பெக்கி, எய்ட்ஸ் நோய்க்கு எச்.ஐ.வி. என்னும் கிருமியே காரணம் என்பதனை ஐயுற்றுப் பேசினார். 2000ஆம் ஆண்டு டர்பன் நகரிற் கூடிய உலக எய்ட்ஸ் மாநாட்டையொட்டி, 5,000க்கு மேற்பட்ட அறிஞர் கையொப்பமிட்டு உண்மையை விளக்கினர், அவர் தெளிந்திலர். அவருடைய சுகாதார அமைச்சரோ பூண்டு, பீட்ரூட், எலுமிச்சை ஆகியவற்றின் பயனை எடுத்துரைத்து வந்தார். தாயினின்று சேய்க்கு நோய் தொற்றுதலைத் தடுக்கும் நெவிரபின் என்னும் மருந்தை, அதனைச் செய்வோர் விலையின்றித் தர முன்வந்தும், அரசு சிற்சில மருத்துவ நிலையங்களோடு நிறுத்திற்று. அத்தடையை நீக்குக என 2002இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் கட்டளையிட்டது. மருந்து வழங்கத் தாழ்த்தமையால் 2000 முதல் 2005 வரை 3,30,000க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனரென்றும், ஏறத்தாழ 35,000 குழந்தைகள் அக்கிருமியோடு பிறந்தனவென்றும் ஹார்வர்டு ஆராய்ச்சியாளர் 2008இல் கணித்தனர்.

'அவர் தீங்கு கருதினாரல்லர். வறுமையே நோய்க்கு இடமென்று இரங்கினார். ஐயுறுதலும் அறிவுக்கு இயல்பன்றோ?' எனின், கூறுதும். ஐயுறுதல் குற்றமன்று, வறுமை நோயை வளர்த்தலும் மெய்யே. ஐயந் தீர்ப்பார் விடை கூறியபின்னும், தம் ஐயத்தையே முடிபாகக் கொண்டு பிறர்க்குரிய மருந்தைத் தாழ்த்தமையே குற்றம். குடிமகன் ஒருவனது ஐயம் அவன் வீட்டளவில் நிற்கும்; ஆள்வோனது ஐயம் நாடெங்கும் மருந்துச்சாலையின் கதவையடைக்கும். ஆதலின், நல்லெண்ணம் குற்றத்தின் அளவைக் குறைக்குமேயன்றி அதனைப் போக்காது.

'வினைப்பயனை இறைவன் ஊட்டுவான். மக்கள் விசாரணை எற்றுக்கு?' எனின், அற்றன்று. அங்ஙனமாயிற் கள்வனை ஒறுத்தலும் வேண்டாவாய் முடியும். விசாரணை இறந்தார் பொருட்டு மாத்திரமன்று. இனி இருப்பாரைக் காத்தற்பொருட்டுமாம்.

இனி, தவறிய சொல்லுக்கெல்லாம் சிறையென்றால், அஞ்சி உண்மையையும் மறைப்பர். ஆதலின் வேற்றுமை தெரிந்து செய்தல் வேண்டும். வாய் தவறியவர், கூறிய அவையிலேயே அதனை மறுத்துரைத்தல் அமையும். அறிந்தோர் எடுத்துக்காட்டிய பின்னும் விடாது பற்றி, அதன்வழி ஆணை செலுத்தினவர் பதவியிழத்தற்கும் நீதிமன்றத்தில் விடையிறுத்தற்கும் உரியர்.

தென்னாப்பிரிக்க நீதிமன்றம் அரசின் செயலைத் திருத்திற்று. உம்பெக்கி 2008இற் பதவி துறந்தது பிறிதோர் அரசியற் காரணத்தாலாம். மடிந்தோர் பொருட்டு எம்மன்றத்தும் அவர் விடையிறுக்க நேர்ந்திலது. இக்குறை ஆட்சிமுறையிற் களையற்பாலது என்க.