வராத நோய்க்கு ஏது படம்?

19-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் ஓர் இரவு. திண்டிவனத்தில் மிஷன் மருத்துவர் ஒருவரின் வீட்டுக் கதவை ஒருவர் பின் ஒருவராக மூன்று ஆண்கள் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவர் வேறொரு சாதி இந்து. மூவர் வீட்டிலும் மனைவி பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். ஆண் வைத்தியர் தொடக் கூடாது என்பதில் மூவரும் ஒன்றாக நின்றார்கள். மருத்துவரின் மகள் ஐடா ஸ்கடர் அப்போது மருத்துவம் படித்திருக்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

ஐடா அமெரிக்கா போய் 1899-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். வேலூரில் பெண்களுக்கு ஒரு மருத்துவமனை வேண்டும் என்று நன்கொடை கேட்டு அலைந்தார். ஷெல் என்ற நியூயார்க் வங்கியாளர், மறைந்த தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1902-இல் எழுந்த மருத்துவமனைக்கு அந்த அம்மையாரின் பெயர் வந்தது. ஷெல் என்ற பெயர் வேலூரில் இன்றும் புழங்குகிறது. திண்டிவனத்துப் பெண்கள் மூவரின் பெயரையும் யாரும் சொல்வதில்லை.

செத்தவர்கள் துயரத்தில் பணம் திரண்டது, பெருமை கொடுத்தவருக்குப் போனது என்று இதைக் குறை சொல்லலாம். அது அவசரத் தீர்ப்பு. அந்தக் கதை யாருடைய முகத்தையும் கடை விரிக்கவில்லை. பெண் மருத்துவர் இல்லாததால் மூன்று உயிர் போனது என்ற காரணத்தைத்தான் சொன்னது. வந்த பணமும் அந்தக் குறையைத் தீர்க்கவே செலவானது.

இன்று கைபேசித் திரையில் வரும் வேண்டுகோள்கள் வேறு மாதிரி. மூக்கில் குழாய் செருகிய குழந்தை, அழுது வீங்கிய தாயின் கண்கள், கீழே ‘உடனே உதவுங்கள்’ என்ற பொத்தான். பலரைக் காப்பாற்ற ஒருவரின் முகத்தை இப்படிப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம் என்பவர்களை எளிதில் தள்ளிவிட முடியாது. புள்ளிவிவரம் நிறைந்த அறிக்கைக்கு ஒருவரும் பணப்பையைத் திறப்பதில்லை, ஒரு முகத்துக்குத் திறக்கிறார்கள். பணம் வராவிட்டால் அடுத்த குழந்தைக்கு மருந்து இல்லை. ஒரு குழந்தையின் கூச்சம் பெரிதா, இன்னொன்றின் உயிர் பெரிதா என்று அவர்கள் கேட்கிறார்கள். சம்மதம் வாங்கித்தான் படம் எடுக்கிறோம் என்றும் சொல்கிறார்கள்.

அந்தச் சம்மதம்தான் இடறுகிறது. இலவசச் சிகிச்சை தருபவரே கேமராவோடு வந்து நின்றால், கட்டிலருகே உட்கார்ந்திருக்கும் தாய் எப்படி மறுப்பாள்? படிவத்தில் கைநாட்டு இருக்கும், அவ்வளவுதான். குணமான பிறகும் படம் சுற்றிக்கொண்டே இருக்கும். காசநோயோ தொழுநோயோ என்றால், பத்தாண்டு கழித்துப் பெண் பார்க்க வருபவர் கண்ணிலும் படும். திருக்குறளில் இரந்து கேட்பதைப் பேசும் ‘இரவு’ என்ற அதிகாரத்தை அடுத்தே, இரக்க அஞ்சுவதைப் பேசும் ‘இரவச்சம்’ வருகிறது. அங்கே நீட்டப்படுவது இரப்பவரின் சொந்தக் கை. இங்கே நீட்டப்படுவது படுக்கையில் கிடப்பவரின் கை.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. மருத்துவமனைக்காவது காட்ட நோயாளி இருக்கிறார். சமூக நலவாழ்வுப் பணியின் வேலையே நோயாளி உருவாகாமல் பார்த்துக்கொள்வது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதியர் கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, பிறந்த குழந்தைகளை வீட்டிலேயே வைத்துக் கவனிக்கச் செய்தார்கள். ‘ஆரோக்கியதூத்’ என்று அந்தப் பெண்களுக்குப் பெயர். 39 கிராமங்களில் இதைச் செய்து, 47 கிராமங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மூன்றாம் ஆண்டில் பச்சிளங்குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்திருந்ததை 1999-இல் லான்செட் இதழ் வெளியிட்டது. இதில் யாரைப் படம் எடுப்பது? பிழைத்த குழந்தைக்குத் தான் பிழைத்ததே தெரியாது. திண்ணையில் நன்றாக விளையாடும் குழந்தையைக் காட்டினால் எவரும் நூறு ரூபாய் போட மாட்டார்.

காட்ட வேண்டியது ராத்திரியில் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக நடக்கும் பெண்ணை. அவளுக்குப் பயிற்சி, ஊதியம், அவள் எழுதும் பதிவேடு, அதைச் சரிபார்ப்பவரின் பேருந்துச் செலவு, இவைதான் திட்டம். ஆனால் கொடுப்பவர் மனத்தில் மருந்து வாங்கினால் தொண்டு, சம்பளம் கொடுத்தால் விரயம். வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கு இருந்த 50 சதவீத வரம்பை 2020-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் 20 ஆக்கியது. நன்கொடையை விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள், கட்டுப்பாடு வேண்டியதுதான். ஆனால் மேற்பார்வைக்கும் கணக்குக்கும் பணம் இல்லாத இடத்தில் திருட்டைக் கண்டுபிடிப்பது யார்? ஆகவே அமைப்புகள் மருந்தின் பெயரில் கேட்டு, முகத்தைக் காட்டி வாங்கி, சத்தமில்லாமல் சம்பளம் போடுகின்றன. படம் பொய் சொல்வதில்லை, படத்தின் கீழ் உள்ள வரி சொல்கிறது. 1970-இல் மகாராஷ்டிரத்தின் ஜாம்கெட்டுக்கு மக்கள் நலவாழ்வுப் பணிக்காகப் போன ஆரோலே மருத்துவத் தம்பதியரிடம் வறட்சியில் வாடிய மக்கள் முதலில் கேட்டது மருந்தை அல்ல, தண்ணீரையும் சோற்றையும்தான். மருந்துக்கு மட்டுமே தருவேன் என்கிற புண்ணியவான் அங்கே கிணற்றுக்குக் கொடுத்திருக்க மாட்டார்.

குணமடைந்து, அந்த மருத்துவமனையின் தயவு இனித் தேவையில்லை என்ற நிலையில் ஒருவர் தாமே முன்வந்து தம் கதையைச் சொன்னால், வேண்டாம் என்றதும் எடுத்துவிட முடியுமானால், முகத்தைக் காட்டலாம். மற்றபடி காரணத்தைச் சொல்லிக் கேட்பதே முறை. பணம் குறையும், அதில் சந்தேகமில்லை. அந்தக் குறைவால் விளையும் துன்பத்தில் பாதிப் பழி கேட்டவர் மீதல்ல, அழுகையைப் பார்த்தால்தான் கொடுப்பேன் என்றவர் மீது. நீலகிரிக் கூடலூரில் ஆதிவாசிகள் 1992 முதல் மருத்துவக் காப்பீட்டுக்குத் தாங்களும் ஒரு பங்கு கட்டி வந்தார்கள். அந்தச் சிறு தொகையில் ஒரு மருத்துவமனை நடக்காது. ஆனால் கட்டியவர் வாசலில் வந்து நிற்பது இரப்பவராக அல்ல, உறுப்பினராக.

அடுத்த முறை நன்கொடை கொடுத்து வரிச்சலுகை ரசீது வாங்கும்போது, ‘கிராமத்தில் நடக்கும் உங்கள் பணியாளருக்கு மாதம் எவ்வளவு தருகிறீர்கள்?’ என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.