பேருந்து வரும் வரை



கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 11ஆம் அதிகாரத்தை இப்போது வாசிக்கக் கேட்டோம். ஆண்டவரின் விருந்துக்கென்று கூடியவர்களில் வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டார்கள். இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். பிந்தி வந்தவர்கள் அடிமைகளும் கூலியாட்களும்தான் என்கிறார்கள் விவிலிய அறிஞர் பலர். வேலை முடியாமல் அவர்கள் எப்படி வருவார்கள்? பவுலடியார் கேட்டது ஒன்றுதான்: உண்ணக் கூடும்போது ஒருவர் மற்றவருக்காகக் காத்திருக்க வேண்டும்.

தொழிற்சாலைகள் சூழ்ந்த ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் இருக்கிற நமக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை. காலைத் திருப்பலிக்கு நாம் கிளம்பும் நேரத்தில் நைட் ஷிப்ட் பிள்ளைகள் கண் எரிய அறைக்குத் திரும்புகிறார்கள். மதியம் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் அன்பியத்தில் நாம் பந்தி போடும்போது பகல் ஷிப்ட்காரர்கள் கம்பெனி லைனில் நிற்கிறார்கள். நம் அன்பு விருந்தில் இவர்களுக்கு இலை விழுவதே இல்லை.

சாப்பிடும் இடத்தில் கம்பெனிப் பேச்சு எதற்கு என்று சிலர் கேட்கிறீர்கள். 2021 டிசம்பரில் என்ன நடந்தது? சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த பூந்தமல்லிப் பக்கத்து விடுதியில், சாப்பாடு நஞ்சானதால் 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகள் என்ன ஆனார்கள் என்று தெரியாத பதைப்பில் மற்றவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவெல்லாம் உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டு, 2022 ஜனவரியில்தான் திறந்தது. பிறகு வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியை அரசு கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தது. நல்ல காரியம், நன்றியோடு சொல்கிறேன். ஆனால் அந்த டிசம்பருக்கு முன்பு, தட்டில் விழுந்த சோற்றைப் பற்றி அந்தப் பிள்ளைகள் யாரிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்க முடியும்? நம் வீட்டுத் திண்ணையிலாவது சொல்ல ஓர் இடம் இருந்ததா? இந்தக் கேள்வி என்னை விடுவதில்லை.

தொடக்கத் திருச்சபையிலும் சாப்பாட்டில்தான் குறை எழுந்தது. அன்றாடப் பந்தியில் எங்கள் கைம்பெண்களைக் கவனிப்பதில்லை என்று கிரேக்க மொழி பேசியவர்கள் முறையிட்டார்கள். திருத்தூதர்கள் அவர்கள் வாயை அடைக்கவில்லை. சபையைக் கூட்டி எழுவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன மொழிக்காரர்களின் கையிலேயே பந்தி விசாரணை போயிற்று என்றுதான் நான் வாசிக்கிறேன். அவர்களில் ஒருவர்தான் நம் முதல் மறைசாட்சி ஸ்தேவான். சோறு பங்கிடுவதும் விசுவாசத்துக்காக உயிர் கொடுப்பதும் அவருக்கு ஒரே ஊழியமாக இருந்தது.

ஆகவே, அடுத்த ஞாயிறு அன்பிய விருந்து மதியம் இல்லை. மாலையில், முதல் ஷிப்ட் பேருந்து வந்தபின் வைத்துக்கொள்வோம். உங்கள் மாடியில் வாடகைக்கு இருக்கும் ஒடிசா, பீகார் தம்பிகளையும், பக்கத்து விடுதிப் பெண்களையும் நேரில் போய்க் கூப்பிடுங்கள். எந்த மதத்தவர் என்று கேட்க வேண்டாம். முதல் பந்தி அவர்களுக்கு. ஜெபம் முடிந்ததும் முதலில் அவர்கள் பேசட்டும்: சம்பளம், ஓவர்டைம், கான்ட்ராக்ட், ஊரில் விட்டுவந்த பிள்ளை, கடவுள்மேல் உள்ள வருத்தம், எதுவானாலும். இந்தி தெரிந்தவர்கள் திருப்பலி முடிந்ததும் உபதேசியாரிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.