காலியாக இருந்த பத்தாவது கட்டம்

மஞ்சள் துண்டுத்தாளில் கைப்பேசி எண்ணுக்கென்று பத்துக் கட்டங்கள் அச்சிட்டிருந்தார்கள். ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒன்பதில் எண்களை எழுதிவிட்டுப் பத்தாவதைக் காலியாக விட்டிருந்தாள். கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்துப் பேத்தமங்களாவில் ஒரு தனியார் ஆங்கிலவழிப் பள்ளியில் அறிவியல் நடத்தும் ஆசிரியையின் மனத்தை விட்டு அந்தக் கட்டம் போகவே மாட்டேன் என்கிறது.

நடந்தது இவ்வளவுதான். ஒரு சனிக்கிழமை இராபர்ட்சன்பேட்டையில் ஆசிரியர்களுக்கு இலவசப் பயிற்சி. நடத்தியது, பாடநூலும் கற்றல் செயலியும் விற்கும் ஒரு நிறுவனம். கடைசி ஒரு மணி நேரம் முழுக்கச் செயலியின் பெருமை. கிளம்பும்போது ஆளுக்கொரு கட்டுத் துண்டுத்தாளைக் கையில் கொடுத்தார்கள். பிள்ளைகளுக்கு இலவசத் திறனறித் தேர்வாம். பெயர், வகுப்பு, பெற்றோரின் தொழில், கைப்பேசி எண் எல்லாம் நிரப்பி வாங்கி வைக்க வேண்டும். பள்ளி நிர்வாகமும் சரி என்றது. சில நாள் கழித்து விற்பனைப் பிரதிநிதி வந்தார். இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க கோலார் தங்கவயல் பையன். நின்றபடியே தாள்களைப் புரட்டியவர் ஒன்றில் நிறுத்தினார்.

"மிஸ், இதுல ஒரு நம்பர் கம்மியா இருக்கு மிஸ். அந்தப் பொண்ணைக் கூப்பிட்டுக் கேட்டு எழுதிக் குடுங்களேன்."

அந்தப் பெண் அப்போது வராந்தாவில்தான் பையை மாட்டிக்கொண்டு நின்றாள்.

"இருக்கிறத எடுத்துட்டுப் போப்பா" என்றார் ஆசிரியை.

அவரும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். யாருக்கும் நட்டமில்லை. ஆனாலும் அந்தத் தாளை ஆசிரியையால் மறக்க முடியவில்லை. கட்டம் போட்ட தாளில் ஒன்று காலியாக இருந்தால் எழுதுகிறவர் கண்ணுக்குத் தெரியாமல் இருக்காது. பெண்ணுக்கு எண் நினைவில்லையா, மணி அடித்துவிட்டதால் பாதியில் கொடுத்துவிட்டாளா, இல்லை, வேண்டுமென்றே விட்டாளா? காலிக் கட்டத்தில் ரப்பரால் அழித்த தடம் மாதிரி ஒன்று இருந்ததாகவும் தோன்றுகிறது. மலிவான தாளில் இயல்பாகவே இருக்கும் மங்கலாகவும் அது இருக்கலாம்.

ஆசிரியர்களுக்குப் பயிற்சி புதிதில்லை. ஒன்றிய அரசின் நிஷ்டா திட்டம் 2019 ஆகஸ்ட் 21 அன்று தொடங்கியபோது, சுமார் 42 இலட்சம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவதாக அறிவித்தார்கள். கொரோனாக் காலத்தில் அதுவே தீக்‌ஷா தளத்தில் இணையவழிப் பாடங்களாக மாறியது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரம் தொழில்முறைப் பயிற்சி பெற வேண்டும் என்கிறது. அரசுப் பள்ளியாக இருந்தால் இந்த மணிக்கணக்கை அரசு நிரப்பும். சிறிய தனியார் பள்ளிகளில் யார் நிரப்புவது? இலவசமாக வந்து நடத்தித் தருகிறோம் என்று சொல்லும் நிறுவனங்கள் அந்த இடத்தில் நுழைகின்றன. மதியச் சாப்பாடும் சான்றிதழும் அவர்களே தருகிறார்கள். பயிற்சி எங்கே முடிந்தது, விற்பனை எங்கே தொடங்கியது என்று மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவருக்குப் புரிவதே இல்லை.

அன்றைய பயிற்சியில் 1956இல் பெஞ்சமின் புளூம் வகுத்த கற்றல் படிநிலைகளை முக்கோணமாகத் திரையில் போட்டார்கள். பி.எட். படித்த காலத்திலிருந்து எந்தப் பயிற்சிக்குப் போனாலும் அந்த முக்கோணம் வந்துவிடுகிறது. பிறகு குழு பிரித்து சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் கொடுத்தார்கள். ஆசிரியைக்குக் கேட்க ஒரே ஒரு கேள்வி இருந்தது. பேத்தமங்களா மூன்று மாநில எல்லைகளும் பக்கத்தில் இருக்கும் ஊர். வகுப்பில் தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளை, தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளை, கன்னடம், உருது பேசும் பிள்ளைகள் எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒளிச்சேர்க்கையை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். புரியாத பிள்ளை எந்த மொழியில் புரியாமல் இருக்கிறது என்றே கண்டுபிடிக்க முடிவதில்லை. இதற்கு என்ன வழி? ரிசோர்ஸ் பர்சன் கேள்வியைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, செயலியில் மொழியை மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த வசதி இருக்கவே செய்கிறது.

பயிற்சி என்றாலே வீண் என்று சொல்லவும் ஆசிரியைக்கு மனம் வராது. தங்கவயலிலிருந்து அதிக தூரமில்லாத மதனப்பள்ளி அருகே ரிஷிவேலிப் பள்ளி இருக்கிறது. அதன் கிராமப்புறக் கல்விப் பிரிவு ஓராசிரியர் பள்ளிகளுக்காகக் கற்றல் அட்டைகளை உருவாக்கியது. மைசூர் மாவட்டம் எச்.டி. கோட்டையிலிருந்து ஆசிரியர்கள் அங்கே போய்ப் பார்த்து வந்து, தங்கள் பிள்ளைகளுக்கான அட்டைகளைத் தாங்களே எழுதினார்கள். 1995இல் தொடங்கிய 'நலி கலி' கற்பித்தல் முறை அப்படிப் பிறந்ததுதான். அதே ஊற்றிலிருந்து 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளின் செயல்வழிக் கற்றலும் வந்தது. அந்த ஆசிரியர்களிடம் யாரும் எதையும் விற்கவில்லை. ஆனால் நலி கலியே கர்நாடகம் முழுவதற்கும் ஆணையாகப் போனபோது, யாரோ எழுதிய அட்டையை யாரோ ஏணிப்படி வரிசையில் அடுக்கும் வேலையாகிவிட்டது என்று அரசுப் பள்ளியில் இருக்கும் அவருடைய தோழி குறைப்பட்டுக்கொள்கிறார். ஆகவே விற்பனை மட்டும்தான் கோளாறு என்று முடித்துவிட முடியவில்லை.

வந்த இளைஞரைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருக்கிறது. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபோது அவர் பிறந்திருப்பாரோ என்னவோ. சுரங்கம் போன பிறகு தங்கவயலுக்குச் சோறு போட்டது மாரிக்குப்பத்திலிருந்து விடியுமுன் பெங்களூருக்குக் கிளம்பும் இரயில்தான். பொறியியல் படித்த பிள்ளைகள்கூட அதில் தொங்கிக்கொண்டு போய், இரவு வீடு திரும்பி, மறுபடி விடியலில் ஓடுகிறார்கள். அப்படி ஓடி அலுத்துப்போய்ச் சொந்த ஊரிலேயே கிடைத்த வேலையென்று டார்கெட்டுக்கும் கமிஷனுக்கும் வந்திருப்பார் இவர். "மிஸ், ஒரு பத்து நிமிஷம் மிஸ்" என்று அவர் கெஞ்சும்போது, ஆசிரியைக்குத் தன் பழைய மாணவர்கள் முகம்தான் தெரிகிறது. முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்த ஆசிரியையால் முடியவில்லை.

இந்தத் தொழில் எவ்வளவு தூரம் போகும் என்பதை நாடு பார்த்துவிட்டது. பெங்களூரில் 2011இல் பைஜூஸ் நிறுவனத்தைத் தொடங்கிய பைஜூ ரவீந்திரன், கண்ணூர் மாவட்டத்து ஆசிரியத் தம்பதியின் மகன். தானே வகுப்பெடுத்துப் பேர் வாங்கியவர். 2022இல் 2,200 கோடி டாலர் மதிப்புக் காட்டிய நிறுவனம் அது. அந்த ஆண்டு டிசம்பரில், பெற்றோரை நெருக்கி விற்பதாக வந்த செய்திகளையொட்டித் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் அவரை நேரில் வரச் சொல்லி ஆணையிட்டது. 2024இல் நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போனது. கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்களிடம் எச்சரிக்கையாக இருக்கும்படி 2021 டிசம்பரிலேயே ஒன்றியக் கல்வி அமைச்சகம் பெற்றோருக்கு அறிவுரை வெளியிட்டிருந்தது. பேத்தமங்களாவுக்கு வந்தது வேறொரு சிறிய நிறுவனம். அதன்மேல் இந்தப் பழியைப் போடுவது நியாயமாகாது. ஆனால் ஆசிரியர் பெற்ற பிள்ளை, தானும் ஆசிரியராக இருந்தவர், அவர் கட்டிய நிறுவனத்துக்கே அந்தக் கதி என்றால், ஆசிரியர் என்கிற பெயரில் மட்டும் ஒரு பாதுகாப்பும் இல்லை என்று ஆகிறது. ஆசிரியையைக் கலங்கடிப்பது இதுதான்.

ஆசிரியை பிறந்து வளர்ந்தது தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில். சம்பள நாளன்று லைனுக்குள் தவணைக்காரர்கள் வருவார்கள். சேலை, பாத்திரம், சில சமயம் சாமி படம். விற்கும்போது சிரித்த முகமாகவே இருப்பார்கள். தவணை தப்பிய மாதத்தில் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட நாளில் அம்மா உள்ளறைக்குப் போய்விடுவார். "அம்மா வீட்ல இல்ல" என்று சொல்லும் வேலை சிறுமிக்கு. தவணைக்காரர் குனிந்து, கதவிடுக்கில் அம்மாவின் செருப்பைப் பார்ப்பார். பிறகு சிறுமியின் முகத்தைப் பார்ப்பார். அதற்கு அடுத்த மாதத்திலிருந்து, சுரங்கச் சைரன் ஊதியதுமே செருப்பை எடுத்து உள்ளே வைக்கச் சிறுமி தானாகவே கற்றுக்கொண்டாள். இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அந்த நினைவு வந்தபோதுதான் ஒன்பது எண்கள் வேறு மாதிரி தெரியத் தொடங்கின. இன்று திண்ணைக்கு வருகிறவர்களை விடக் கைப்பேசியில் வருகிறவர்கள் அதிகம். சுயஉதவிக் குழுக் கடன், நுண்கடன், தங்கநகைக் கடன் என்று கோலார் மாவட்டத்தில் கடன் நுழையாத தெரு குறைவு. வசூல் நெருக்கடியால் கர்நாடகத்தில் தற்கொலைகள் நடந்து, 2025 பிப்ரவரியில் கட்டாய வசூலைத் தடுக்க மாநில அரசு அவசரச் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. அறியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் வீட்டில் எல்லார் முகமும் மாறுவதைப் பார்த்து வளரும் பிள்ளை, அந்தக் கட்டங்களைப் பார்த்ததும் என்ன நினைத்திருக்கும்? அந்தப் பெண்ணின் வீட்டில் அப்படி ஒரு கடன் இருக்கிறதா என்பது ஆசிரியைக்குத் தெரியாது. தான் நினைப்பது அவளுடைய கதையா, தன்னுடைய கதையா என்றும் நிச்சயமில்லை.

ஜானகி நாயர் மைசூர் அரசில் சுரங்கத் தொழிலாளர்களையும் ஆலைத் தொழிலாளர்களையும் பற்றி எழுதிய ஆங்கில நூல் ஒன்று 1998இல் வந்தது. கல்லூரித் தோழி ஒருவர் இரவல் கொடுத்ததை ஆசிரியை பாதியோடு திருப்பிக் கொடுத்துவிட்டார். அதில் படித்த ஒன்று மட்டும் மனத்தில் தங்கிவிட்டது. 1930இல் சுரங்கத் தொழிலாளர்களைப் பதிவு செய்து கைரேகை எடுக்க ஏற்பாடு செய்தார்கள். தங்கவயல் முழுக்க வேலைநிறுத்தத்தில் இறங்கியது. பாதாளத்தில் பாறை வெடித்துச் சாவதற்குத் துணிந்து இறங்கியவர்கள், பெருவிரலை மையில் வைக்க மாட்டோம் என்று வாரக்கணக்கில் மேலேயே நின்றார்கள். ஆசிரியையின் பாட்டனாருக்கு முந்திய தலைமுறை அது. வட ஆற்காட்டிலிருந்து வந்த, பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த அந்த மனிதர்களில் பலருக்கு எழுதத் தெரியாது. ரேகை கொடுத்தால் தங்களைப் பற்றிய ஏதோ ஒன்று தங்கள் கையை விட்டுப் போகிறது என்பது மட்டும் தெரிந்திருந்தது.

பதினொரு வயதுப் பெண்ணின் காலிக் கட்டத்தை அந்தப் போராட்டத்தோடு சேர்த்துவைப்பது கொஞ்சம் அதிகப்படிதான். அவளுக்கு எண் மறந்துபோயிருக்கவே வாய்ப்பு அதிகம். இருந்தாலும், அன்றைக்குக் கேட்டது கம்பெனி; அதனால் மறுக்க முடிந்தது. இன்றைக்குக் கேட்டது மிஸ். வகுப்பில் மிஸ் கேட்டால் பிள்ளைகள் எழுதிக் கொடுப்பார்கள். எதற்கு என்று கேட்கமாட்டார்கள். ஆண்டுக்கணக்காக இருமலோடும் காய்ச்சலோடும் வகுப்பெடுத்துச் சேர்த்த நம்பிக்கை அது. பயிற்சி நிறுவனத்துக்கும் இளைஞருக்கும் உண்மையில் தேவைப்பட்டது ஆசிரியையின் பத்து நிமிடம் அல்ல, இந்த நம்பிக்கையே. அதை ஒரு சாப்பாட்டுக்கும் சான்றிதழுக்கும் இரவல் கொடுக்கும் உரிமை தனக்கு எங்கிருந்து வந்தது என்பதுதான் அவரைக் குடைகிற கேள்வி.

2023இல் இயற்றப்பட்ட எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாதவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. பிள்ளைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. நல்ல சட்டம். பென்சிலால் நிரப்பிய மஞ்சள் தாளுக்கு அது எப்படிப் பொருந்தும் என்று ஆசிரியர் அறையில் யாரும் பேசி அவர் கேட்டதில்லை.

பெண்ணையே கூப்பிட்டுக் கேட்டுவிடலாம்தானே என்று வீட்டில் சொன்னார்கள். கேட்கலாம். வேண்டுமென்றே விட்டிருந்தால், மிஸ் கண்டுபிடித்துவிட்டார் என்று பயந்து மன்னிப்புக் கேட்பாள். மறந்திருந்தால், உடனே பத்தாவது எண்ணையும் சொல்லி விடுவாள். இரண்டுமே ஆசிரியைக்கு வேண்டாம். அவர் கேட்கவில்லை.

இனிமேல் எந்தத் தாளாக இருந்தாலும் வகுப்பில் நிரப்ப வேண்டாம், வீட்டுக்கு அனுப்பிப் பெற்றோர் விருப்பமிருந்தால் எழுதித் தரட்டும் என்று பள்ளி முதல்வரிடம் சொல்லிப் பார்த்தார். "பார்க்கலாம் மிஸ்" என்றார் அவர். மறுக்கவில்லை. ஆனால் அந்த யோசனையிலும் ஆசிரியைக்கு முழு நம்பிக்கை இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த தாள் என்றால் அந்த வீடுகளில் யாரும் படித்துப் பார்ப்பதில்லை. எங்கே கையெழுத்து என்று மட்டும் கேட்கிறார்கள். அவர்களும் மிஸ்ஸை நம்பித்தான் கையெழுத்துப் போடுகிறார்கள். அதற்கு என்ன செய்வது என்று அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.