படைவீரனுக்கு ஒரு கோப்பை

1758-ஆம் ஆண்டில் தோன்றி, பாரத ராணுவத்தின் காலாட்படைகளுள் மிகத் தொன்மையானதெனப் போற்றப்படும் மதராஸ் ரெஜிமெண்டு, ஸ்வதர்மத்தில் நின்று மடிவதே மேல் என்னும் கருத்தைக் கீதையின் மூன்றாம் அத்தியாயத்திலிருந்து எடுத்துத் தன் மந்திரமாகக் கொண்டிருக்கிறது. பலனை நாடாமல் கர்மத்தைச் செய்யென்று உபதேசிக்கும் அந்த நூலை வழிகாட்டியாகக் கொண்டவனுக்கு, அந்த ரெஜிமெண்டின் யானைச் சின்னம் பொறித்த பீங்கான் கோப்பையை நினைவுப் பரிசாக நீட்டுவது தகுமா?

கும்பகோணத்தை அடுத்த கிராமமொன்றில், நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்த முன்னாள் சுபேதார் ஒருவரின் வீட்டு அலமாரியில் அத்தகைய கோப்பையைக் கண்டேன். விளிம்பின் பொன்வர்ணம் சற்றும் தேயவில்லை. அவர் பித்தளை டவராவில்தான் காபியை ஆற்றிக் குடித்தார்.

பலனைத் துறப்பது வீரனின் தர்மம். அவனை மறவாதிருப்பது நம்முடைய கடன். இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் குழப்புவதனால்தான் ஐயம் எழுகிறது. மாண்ட வீரனுக்கு நாட்டும் நடுகல்லுக்குரிய கல்லைத் தேர்ந்து காண்பது முதல், அதை நீராட்டி நட்டு வாழ்த்துவது ஈறாகத் தொல்காப்பியம் ஆறு நிலைகளைக் கூறுகிறதே, அத்தனை சிரமமும் மாண்டவனுக்காக அன்று, உயிரோடிருந்த ஊராருக்காகவே என்று கருதுகிறேன். ராஜராஜன் 1010-இல் நிறைவு செய்த தஞ்சைப் பெரிய கோயிலிலும், இறைவனுக்களித்த பொற்பாத்திரங்களின் நிறையைச் சொல்லும் கல்வெட்டுகளோடு, அம்மன்னனுடைய படைப்பிரிவுகளின் பெயர்களைச் சொல்லும் கல்வெட்டுகளும் இருக்கின்றன.

கோப்பை தருவதில் குற்றமில்லை. ஆனால் அது நம்மை யாதொரு சிரமத்துக்கும் உள்ளாக்குவதில்லை. ஆகவே, உங்கள் ஊரில் ஓய்வுபெற்ற சிப்பாய் ஒருவர் இருப்பாரானால், அவர் வீட்டுத் திண்ணையில் சென்றமர்ந்து, எந்த முனையில் நின்றார், யாரை இழந்தார் என்று கேட்டு எழுதி வையுங்கள்.