கோப்பு தூங்கலாம், குழந்தை தூங்க வேண்டாமா?

அமெரிக்காவில் தோல் மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்தால் மட்டும் மருந்து கைக்கு வந்துவிடாது. விலை கூடிய மருந்தென்றால் காப்பீட்டு நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். கடும் கரப்பானுக்கு 2017இல் ஒப்புதல் பெற்ற டூபிக்ஸென்ட் ஊசியைக் கேட்டால், முதலில் ஸ்டீராய்டு களிம்பு போட்டுப் பாருங்கள், கேட்காவிட்டால் வாருங்கள் என்பார்கள். இரவெல்லாம் சொறிந்து, விடியும்போது படுக்கை விரிப்பெல்லாம் ரத்தமாகக் கிடக்கும் குழந்தையிடம் போய் இதைச் சொல்ல முடியுமா?

மருத்துவர்களே, நிறுவனத்தைத் திட்டுங்கள், தவறில்லை. ஆனால் உங்கள் மேஜையிலேயே தொடங்கும் தாமதத்தையும் பாருங்கள். "களிம்பு பலன் தரவில்லை" என்று ஒற்றை வரி எழுதி அனுப்பினால் விண்ணப்பம் திரும்பி வராமல் என்ன செய்யும்? எந்தக் களிம்பு, என்ன வீரியம், எந்தத் தேதியிலிருந்து எத்தனை வாரம், ஏன் நிறுத்தினார் என்பதை நோயாளி எதிரே இருக்கும்போதே எழுதுங்கள். எவ்வளவு பரவியிருக்கிறது என்று குறியுங்கள். விரல்களோடு சேர்ந்த நோயாளியின் உள்ளங்கை அவர் உடம்புப் பரப்பில் ஏறத்தாழ 1 சதவீதம். அளக்க ஒரு நிமிடம் போதும். முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின் என்றால் இன்னும் அவசரம். கருவுறக்கூடியவர்கள் கர்ப்பப் பரிசோதனை செய்த 7 நாளுக்குள் மருந்தை வாங்கியாக வேண்டும். கோப்பு அதற்குமேல் தூங்கினால் பரிசோதனையை மறுபடி செய்ய வேண்டியதுதான்.

நிறுவனத்தாரே, அரசு நிதியில் நடக்கும் திட்டங்களுக்கு 2024இல் வந்த மத்திய விதி, சாதாரண அனுமதிக்கு 7 நாள், அவசரத்துக்கு 72 மணி நேரம் என்று 2026 முதல் கெடு வைத்தது. மருந்துகளை மட்டும் அதில் சேர்க்காமல் விட்டார்கள், என்ன நியாயமோ! ஆனால் மூத்தோருக்கான மெடிகேர் மருந்துத் திட்டத்தில் 72 மணி நேரம், அவசரமென்றால் 24 மணி நேரம் என்ற கெடு ஏற்கெனவே இருக்கிறது. அங்கே முடிவது உங்கள் தனியார் திட்டங்களில் ஏன் முடியாது? சட்டம் கழுத்தைப் பிடிக்கும்வரை காத்திருக்காதீர்கள். தோல் நோயாளியின் விண்ணப்பத்தைத் தோல் மருத்துவரிடமே கொடுங்கள்.

நோயாளிகளே, மறுப்புக் கடிதத்தைப் பார்த்து ஓய்ந்துவிடாதீர்கள். 2010ஆம் ஆண்டின் மத்திய மருத்துவக் காப்பீட்டுச் சட்டப்படி முதலில் மேல்முறையீடு செய்யலாம். அதுவும் தோற்றால், பெரும்பாலான திட்டங்களில் நிறுவனத்துக்கு வெளியே உள்ளவர்களின் மறுஆய்வைக் கேட்கலாம். கெடு எப்போது முடிகிறதென்று கடிதத்திலேயே இருக்கும். அதை இன்றைக்கே எடுத்துப் படியுங்கள்.