சபையில் எழுந்த கேள்வி

சிலாபத்துக்கு வடக்கே, ஒருபுறம் பெருங்கடலும் மறுபுறம் முந்தல் களப்பும் அணைத்துக் கிடக்கும் மணற்பரப்பில் உடப்பு என்னும் ஊர் இருக்கிறது. புத்தளம் மாவட்டத்துக் கடற்கரையில் தமிழை இன்றும் வீட்டு மொழியாகக் காத்துவரும் ஊர்களுள் இது குறிப்பிடத்தக்கது. தம் முன்னோர் இராமநாதபுரக் கரையிலிருந்து தோணியேறி வந்தவர்கள் என்பது ஊர்மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. கரைவலை இழுப்பது இவர்கள் தொழில். வலையின் பாரம் கையை அறுக்கும்போது அவர்கள் பாடும் அம்பாப் பாட்டு ஈழத்து நாட்டார் இலக்கியத்தில் தனியிடம் பெற்றது. அந்த உடப்பில் எழுந்தருளியிருப்பவள் திரௌபதையம்மன். ஆண்டுதோறும் ஆடி மாதத்தை ஒட்டி 18 நாள் திருவிழா நடக்கிறது. பாரதப் போரும் 18 நாளே நடந்தது. விழாவின் உச்சமாகத் தீக்குழி மூட்டப்படுகிறது. மஞ்சள் உடுத்த பக்தர்கள் தணலின் மேல் நடக்கிறார்கள்.

இந்த நம்பிக்கையை எள்ளி நகையாடுவது நம் நோக்கமன்று. கடலை நம்பிப் பிழைப்பவன் ஒவ்வொரு நாளும் உயிரைப் பணயம் வைக்கிறான். அவனுக்கு ஒரு துணை வேண்டியிருக்கிறது. அந்தத் துணையை அவன் பழைய கதையொன்றில் அவமானப்படுத்தப்பட்ட ஒரு பெண்ணிடம் தேடினான் என்பது சிந்திக்கத்தக்கது. வென்ற துரியோதனனுக்கோ, வில் வளைத்த விசயனுக்கோ இல்லாத இடம், கூந்தலைப் பற்றிச் சபைக்கு இழுத்து வரப்பட்ட பாஞ்சாலிக்குக் கிடைத்திருக்கிறது. செஞ்சியைச் சூழ்ந்த தமிழகக் கிராமங்களிலும், கிழக்கிலங்கைப் பாண்டிருப்பிலும், இந்த உடப்பிலும் உழைக்கும் மக்கள் அவளையே தெய்வமாகக் கொண்டனர். இழிவுபடுத்தப்பட்டவளின் பக்கம் நியாயம் இருந்தது என்று அவர்கள் அளித்த தீர்ப்பு இது.

ஆயினும் ஒரு வினா எழாமல் இல்லை. ஒரு பெண்ணுக்குக் கோயில் கட்டிய சமுதாயம், அவள் சொன்ன சொல்லை என்ன செய்தது? புகழ்பெற்ற பெண்கள் நமக்கு விட்டுச்செல்லும் உடைமைதான் யாது? அவர்களுடைய உருவமா, பெயரா, அல்லது வேறொன்றா?

திரௌபதி சபைக்கு இழுக்கப்படுமுன் தன்னை அழைக்க வந்தவனிடம் ஒரு கேள்வி சொல்லி அனுப்புகிறாள். தருமன் முதலில் தோற்றது தன்னையா, என்னையா? தன்னைத் தோற்று அடிமையான ஒருவனுக்குப் பிறரைப் பந்தயம் வைக்க என்ன உரிமை? இதுதான் அக்கேள்வியின் சாரம். சபையில் வீற்றிருந்தவர்களோ சாத்திரம் கற்றவர்கள். பீஷ்மர் தருமத்தின் வழி நுட்பமானது என்று சொல்லி நின்றுவிட்டார். துரோணர் பேசவில்லை. கௌரவருள் இளையவனாகிய விகர்ணன் ஒருவன் மட்டும் எழுந்து அவள் பக்கம் நியாயம் இருக்கிறது என்றான்; அவனை அடக்கிவிட்டார்கள். இறுதியில் திருதராட்டிரன் அஞ்சி வரம் கொடுத்தானேயன்றிக் கேள்விக்கு விடை கொடுக்கவில்லை. வரம் தருவது எளிது. விடை தந்தால் சூதாட்ட விதியையே மாற்றவேண்டி வரும். பாரதியார் 1912இல் பாஞ்சாலி சபதத்தின் முதற் பாகத்தை வெளியிட்டபோது, அடிமைப்பட்ட நாடு ஒன்று அவள் குரலில் தன் குரலைக் கேட்டது. விடை பெறாத கேள்விக்கு அத்தகைய நீண்ட ஆயுள் உண்டு.

இங்கே நாம் பாஞ்சாலியிடமும் ஒன்று கேட்டாக வேண்டும். போற்றுவது மட்டும் ஆராய்ச்சியாகாது. அவள் எழுப்பிய கேள்வி, "நான் அடிமையா?" என்பது. "ஒருவர் மற்றொருவருக்கு அடிமையாகலாமா?" என்று அவள் கேட்கவில்லை. அந்த அரண்மனையிலேயே தாதியர் இருந்தனர். அவர்களை எவரேனும் கூந்தல் பற்றி இழுத்திருந்தால் சபை கூடியிராது, காவியமும் பிறந்திராது. திருதராட்டிரன் வரம் தந்தபோது அவள் முதலில் தருமனின் விடுதலையைக் கேட்டாள், தன் மகனை அடிமையின் மகன் என்று எவரும் அழைத்தல் கூடாது என்பதற்காக. அடுத்து மற்ற நால்வரின் விடுதலையைக் கேட்டாள். அத்துடன் நிறுத்திக்கொண்டாள். அரசகுலத்தில் பிறந்தவள் என்ற எல்லையை அவள் நியாயம் தாண்டவில்லை. அவள் வாழ்ந்த கதையுலகின் எல்லை அது. அதற்காக அவளைப் பழிப்பது பொருந்தாது. ஆனால் அவளுடைய கேள்வியைச் சொத்தாகப் பெற்ற நாம் அந்த எல்லையிலேயே நின்றுவிட்டால் பழி நம்மைச் சேரும்.

இனி, நம் காலத்துக்கு அணித்தான இன்னொரு சபைக்கு வருவோம்.

1927இன் இறுதியில் டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தது. நாட்டின் அரசியலமைப்பை எவ்வாறு திருத்துவது என விசாரிப்பது அதன் வேலை. அவ்வாண்டு டிசம்பரில் கொழும்பில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தோன்றியது. அதில் கூடியவர்கள் பெரும்பாலும் வசதி படைத்த குடும்பத்துப் பெண்கள். அச்சங்கத்தின் செயலாளராக இருந்தவர் அக்னஸ் டி சில்வா. சங்கத்தின் பிரதிநிதிகள் ஆணைக்குழுவின் முன் தோன்றியபோது அவர்களிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது: தோட்டங்களில் கூலிவேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்கிறீர்களா? அக்னஸ் டி சில்வா தயங்கவில்லை. ஆம், அவர்களும் பெண்களே. எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்று கூறினார்.

இந்த விடையின் பெருமை அதைச் சொன்ன சூழலை எண்ணினால்தான் விளங்கும். சொத்தும் படிப்பும் உள்ள பெண்களுக்கு மட்டும் கேட்டிருந்தால் அரைவாசி வழியிலேயே உடன்பாடு கிடைத்திருக்கக்கூடும். அக்காலத் தலைவர்களுள் பலர் சர்வசன வாக்குரிமையையே வெறுத்தனர். 1913இல் பெண்களுக்கென யாழ்ப்பாணத்தில் கல்லூரி நிறுவிய சர் பொன்னம்பலம் இராமநாதனும் அவ்வாறு எதிர்த்தவர்களுள் ஒருவர். பெண்ணுக்குக் கல்வி தருவதற்கு இசைந்த அறிவு, அவளுக்கு அதிகாரத்தில் பங்கு தருவதற்கு இசையவில்லை. பீஷ்மரின் மௌனத்துக்கு ஒவ்வொரு காலத்திலும் ஒரு வடிவம் உண்டு போலும்.

ஆணைக்குழு 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கே வாக்குரிமை தரலாம் என்று பரிந்துரைத்தது. முடிவில் ஆண்களைப் போலவே 21 வயது என்று வகுக்கப்பட்டு, 1931இல் இலங்கைப் பெண்கள் முதன்முறையாக வாக்களித்தனர். பிரித்தானியாவிலேயே பெண்கள் ஆண்களோடு சமமான வாக்குரிமை பெற்றது 1928இல்தான் என்பதை நினைவில் கொண்டால் இதன் சிறப்பு விளங்கும்.

"வரலாற்றைப் படைப்பவர்கள் மக்கள், நீர் ஏன் தனிநபர்களின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்?" என்று நம் வாசகர் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வாக்குரிமை ஒருவரின் நாவன்மையால் வந்ததன்று. ஏ. ஈ. குணசிங்காவின் தலைமையில் கொழும்புத் தொழிலாளர்கள் 1920களில் நடத்திய வேலைநிறுத்தங்களும், அவர்கள் எழுப்பிய சர்வசன வாக்குரிமைக் கோரிக்கையும் பின்னால் இல்லாதிருந்தால் ஆணைக்குழு செவிசாய்த்திராது. ஆனால் மக்கள் இயக்கம் திறந்துவிடும் வாசலில் நின்று, உள்ளே வரவேண்டியவர்கள் யார் என்று கேட்கப்படும்போது, "என்னோடு அவளும் வருவாள்" என்று சொல்வதா, "நான் மட்டும் வருகிறேன்" என்று சொல்வதா என்பதை ஒரு மனிதப் பிறவிதான் முடிவு செய்யவேண்டியிருக்கிறது. அறம் தோன்றுவது அந்தக் கணத்தில்.

கொழும்பில் ஒருத்தி "அவர்களும் பெண்களே" என்று சொன்ன அந்தக் காலத்திலேயே, அந்த "அவர்கள்" நடுவே சென்று பேசிய இன்னொருத்தியும் இருந்தார். அவர் மீனாட்சியம்மாள். தோட்டத் தொழிலாளரை முதன்முதலில் தொழிற்சங்கமாகத் திரட்டிய கோ. நடேசய்யரின் மனைவி என்றே நூல்கள் அவரை அறிமுகப்படுத்துகின்றன. ஆனால் 'தேசபக்தன்' இதழின் பணியில் பங்குகொண்டு அவர் எழுதினார். 1931இல் அட்டனை மையமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் அமைந்தபின் மலையகக் கூட்டங்களில் பேசினார். அனைத்துக்கும் மேலாகப் பாடினார். எழுத்தறியாத தொழிலாளரிடம் கட்டுரை என்ன செய்யும்? மக்கள் அறிந்த மெட்டுகளில் அவர்களுடைய கூலியையும் கடனையும் உரிமையையும் வைத்துப் பாட்டுக் கட்டி, சிறு புத்தகங்களாகவும் அச்சிட்டு வழங்கினார். உடப்புக் கரையில் வலையின் பாரத்தைப் பகிர்ந்துகொள்ள அம்பாப் பாட்டு எவ்வாறு உதவுகிறதோ, அவ்வாறே மலைச்சரிவில் அச்சத்தின் பாரத்தைப் பகிர்ந்துகொள்ள அவருடைய பாட்டு உதவியது.

இந்த இரு பெண்களும் விட்டுச்சென்ற சொத்துக்கு என்ன நேர்ந்தது? 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1949இல் தேர்தல் சட்டத் திருத்தத்தின் வாயிலாக அவர்களுடைய வாக்குரிமையும் போயிற்று. கொழுந்து பறிக்கும் பெண் 1931இல் எட்டத் தொடங்கிய உரிமை, 18 ஆண்டுகளில் அவள் கையிலிருந்து பறிக்கப்பட்டது. அவளுடைய நாட்கூலியோ சட்டப்படியே ஆணின் கூலியிலும் குறைந்ததாயிருந்தது. தோட்டங்களில் இருவருக்கும் சமகூலி வந்தது 1984இல்தான். வீட்டையும் நிலத்தையும் எழுதிவைத்துவிட்டுப் போனால் பிள்ளைகள் காத்துக்கொள்வார்கள். உரிமை என்னும் சொத்தையோ ஒவ்வொரு தலைமுறையும் மீண்டும் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது.

இதற்கிடையில் 1960ஆம் ஆண்டு ஜூலையில் சிறிமாவோ பண்டாரநாயக்கா பிரதமரானார். உலகிலேயே ஒரு பெண் பிரதமர் பதவி ஏற்றது அதுவே முதன்முறை. பள்ளி மாணவர் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்யும் செய்தி இது, பெருமைக்குரியதும் ஆகும். ஆனால் 1964 அக்டோபரில் அவர் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியுடன் செய்த உடன்படிக்கையையும் நாம் மனப்பாடம் செய்ய வேண்டும். 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்வது என்று இரு அரசுகளும் பங்கிட்டுக்கொண்டன. பங்கிடப்பட்டவர்களின் சம்மதத்தை எவரும் கேட்கவில்லை. அவர்களுள் பாதிப்பேர் பெண்கள் அல்லவா? "தன்னைப் பந்தயம் வைக்க அவர்களுக்கு என்ன உரிமை?" என்னும் பாஞ்சாலியின் கேள்வி இம்முறை ஒரு பெண் தலைமை தாங்கிய அரசை நோக்கி எழவேண்டியதாயிற்று. மேடையில் அமர்ந்திருப்பது ஆணா, பெண்ணா என்பதைக் கொண்டு மட்டும் கேள்விக்கு விடை கிடைத்துவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பின்னர் நெடுங்காலம் போராட்டம் நடந்தது. 2003இல் இயற்றப்பட்ட சட்டமே நாடற்றோர் பிரச்சினையைப் பெருமளவில் முடித்துவைத்தது. 2024ஆம் ஆண்டுத் தேர்தலில்தான் மலையகத் தமிழ்ப் பெண்கள் முதன்முறையாக வென்று நாடாளுமன்றம் புகுந்தனர். அந்த 225 பேர் கொண்ட சபையில் பெண்கள் அப்போதும் பத்தில் ஒரு பங்கை எட்டவில்லை. "அவர்களும் பெண்களே" என்ற சொல் நாடாளுமன்ற வாசலை அடைய ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிடித்தது.

ஆகவே, வரலாற்றில் பெயர் பெற்ற பெண்களை எவ்வாறு நினைவுகூர்வது என்ற கேள்விக்கு நாம் வந்தடையும் விடை இது. ஒருத்தி எத்தனை உயரம் ஏறினாள் என்பது ஓர் அளவு. அவள் தனக்காகக் கேட்டதை, தன்னிலும் தாழ்ந்த நிலையில் இருந்தவளுக்காகவும் கேட்டாளா என்பது மற்றோர் அளவு. முதல் அளவைக் கொண்டு படங்கள் மாட்டலாம், விழா எடுக்கலாம். இரண்டாம் அளவைக் கொண்டுதான் ஒருத்தி விட்டுச்சென்றது பின்வருவோர்க்கு வாழ்வாகுமா என்பதை அறியலாம். அவ்வளவில் குறைந்தவர்களையும் நாம் ஒதுக்கவேண்டியதில்லை. பாஞ்சாலி நிறுத்திய இடத்திலிருந்து அக்னஸ் டி சில்வா தொடர்ந்தார். அவர் சபையில் சொன்னதை மீனாட்சியம்மாள் தோட்டத்து லயங்களுக்குக் கொண்டுசென்றார். ஒருவரை ஒருவர் அவர்கள் அறிந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே, வகுப்பறையில் "உலகின் முதற் பெண் பிரதமர் யார்?" என்று கேட்பது தேவைதான். அதற்குச் சரியான விடை சொன்ன பிள்ளையிடம், "அவர் காலத்தில் கொழுந்து பறித்தவளுக்கு வாக்கு இருந்ததா?" என்ற அடுத்த கேள்வியையும் கேளுங்கள். உடப்பிலே திருவிழா முடிந்த மறுநாள் காலை, தீக்குழியின் சாம்பல் ஆறியிருக்கும். கடற்கரையில் மீனைக் கீறி உப்பிட்டுக் கருவாடு காயவைக்கும் பெண், வழக்கம்போல வெயிலில் குனிந்து நிற்பாள். முந்திய நாள் அவள் கும்பிட்ட அம்மன் ஒரு காலத்தில் சபை நடுவே நின்று நியாயம் கேட்டவள் என்பதை அவள் அறிவாள். தன் உழைப்புக்கு உரிய விலை என்ன, அதைத் தீர்மானிப்பவர் யார் என்று அவள் கேட்கும் நாளில் அவளுக்கு விடை கூற வேண்டியவர்கள் சபையில் வீற்றிருக்கும் நாமே. அப்போது தருமம் நுட்பமானது என்று சொல்லித் தலைகுனிந்திராமல், விகர்ணனைப் போல எழுந்து நிற்கவேனும் நாம் கற்றிருக்க வேண்டும்.